மைக் முன்னால் ஒரு மணி நேரம்

1990-ல் ஒரு நாள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டபிள்யூஎஃப்எம்யூ என்ற சின்ன வானொலி நிலையம். ஸ்டுடியோவில் யோ லா டெங்கோ இசைக்குழு வாத்தியங்களோடு தயாராக இருக்கிறது. பாட வேண்டியவர் மட்டும் அங்கே இல்லை. பாடகர் டேனியல் ஜான்ஸ்டன் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறார். குழு வாசிப்பது கம்பி வழியாக அவர் காதுக்குப் போகிறது, அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார். தொலைபேசி நம் குரலில் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும்தான் கடத்தும். குரலின் அடிக் கனமும் மேலே இருக்கும் பளபளப்பும் வழியிலேயே உதிர்ந்துவிடும். காற்றில் போய்ச் சேர்ந்தது மெலிந்த, நடுங்குகிற, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரல். அந்தப் பதிவு பிறகு இசைத்தட்டாகவே வெளிவந்தது.

ஒலித்தரத்தை மட்டும் பார்க்கிற எந்தப் பொறியாளரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் கேட்கிறவருக்கு அந்தத் தூரமே பாட்டின் பாதி. ஒரு மனிதர் எங்கோ தனியாக உட்கார்ந்து பாடுகிறார், வேறோர் ஊரில் நாலு பேர் அவருக்காகக் கூடியிருக்கிறார்கள் என்பது குரலின் மெலிவிலேயே தெரிந்துவிடுகிறது. இப்படி ஒன்றைச் செய்து பார்க்க, அது சொதப்பினாலும் பரவாயில்லை என்று விட, ஒரு நிலையத்துக்கு முக்கியமாக ஒன்று கையில் இருக்க வேண்டும். பெரிய கருவியோ பெரிய கட்டடமோ வேண்டியதில்லை. நேரம் வேண்டும்.

வணிக வானொலியின் சரக்கே நேரம்தான். பத்து விநாடி, அரை நிமிடம் என்று அதை நறுக்கித்தான் விற்க முடியும். ஒரு பாட்டு ஏழு நிமிடம் போனால், ஒரு பாடகர் பதில் சொல்ல யோசித்துக்கொண்டே இருந்தால், விற்க வேண்டிய சரக்கு கரைகிறது. அதனால் அங்கே விருந்தினர் வந்தாலும் மூன்று நிமிடப் பேச்சு, ஒரு பாட்டு, நன்றி வணக்கம். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை, அந்தத் தொழிலின் கணக்கு அப்படி. சுதந்திர வானொலி இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறது. செலவை நேயர்களே சந்தாவாகத் தந்துவிட்டால் நேரத்தை யாருக்கும் விற்க வேண்டியதில்லை, கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் முதலில் செய்து காட்டியது கேபிஎஃப்ஏ. 1949 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் லூயிஸ் ஹில்லும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய நிலையம் அது. விளம்பரம் கிடையாது, கேட்பவர்களே காசு கொடுக்க வேண்டும் என்பது திட்டம். அடுத்த வருடமே கையிலிருந்த பணம் தீர்ந்து ஒலிபரப்பு நின்றுபோனது. கேட்டுப் பழகியவர்கள் விடவில்லை. பணம் திரட்டி 1951-ல் மறுபடி அதைக் காற்றில் ஏற்றினார்கள். டபிள்யூஎஃப்எம்யூவின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 1958-ல் அப்சாலா கல்லூரியின் நிலையமாகத் தொடங்கியது. கல்லூரி 1995-ல் மூடப்பட்டது, நிலையம் மூடப்படவில்லை. அதற்குச் சற்று முன்பே அதன் உரிமம் கல்லூரியிடமிருந்து ஒரு தனி அமைப்புக்கு மாறியிருந்தது, நேயர்கள் பணத்தால் அது இன்றும் ஓடுகிறது. மெல்பர்னில் 1976-ல் தொடங்கிய ட்ரிபிள் ஆர் நிலையத்தைத் தாங்குபவர்களும் சந்தாதாரர்கள்தான். ஆஸ்திரேலியாவில் சமூக வானொலிகள் ஆதரவாளர் அறிவிப்புகளை மணிக்கு 5 நிமிடத்துக்கு மேல் போடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மீதி 55 நிமிடமும் நிலையத்தின் சொந்தப் பொறுப்பு.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. வானொலி பிறந்தபோது எல்லாமே நேரலைதான். 1922-ல் அமெரிக்க அரசு 'பி' வகுப்பு என்று ஓர் உயர்தர உரிமம் கொண்டுவந்தபோது, அந்த நிலையங்கள் இசைத்தட்டு போடக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. தட்டு வீட்டிலேயே கிடைக்கிறதே, அதைப் போடவா அலைவரிசையை வீணாக்குவது என்பது அன்றைய எண்ணம். பாடகரும் பியானோக்காரரும் நேரில் வந்தாக வேண்டும். பிறகு தட்டின் தரம் கூடியது, செலவு குறைவு என்பதால் நிலையங்கள் அதன் பக்கம் சாய்ந்தன. வாசிப்பவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. சங்கங்கள் சண்டை போட்டன.

பிரிட்டனில் அந்தச் சண்டை விசித்திரமான ஒரு பலனைத் தந்தது. பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு போடக் கூடாது என்று இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 'ஊசி நேரம்' என்று அதற்குப் பெயர், தட்டின் மேல் ஊசி ஓடும் நேரம். 1967-ல் பிபிசியின் ரேடியோ ஒன் நிலையம் தொடங்கியபோதும் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. தட்டு போட முடியாத மணி நேரங்களை நிரப்ப இசைக்குழுக்களை ஸ்டுடியோவுக்கு அழைத்தார்கள். அங்கேதான் ரேடியோ ஒன்னின் தொகுப்பாளர் ஜான் பீல் வருகிறார். 1967 முதல் 2004-ல் இறக்கும் வரை அவருடைய நிகழ்ச்சிக்காக நடந்த ஒலிப்பதிவுகள் 4000-க்கும் மேல். பெரும்பாலும் ஒரே நாள் வேலை. காலையில் கருவிகளை இறக்கி, மூன்று நான்கு பாட்டுகளை வாசித்து, இரவுக்குள் கலவையும் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பிபிசி சுதந்திர வானொலி இல்லை, அது தேசிய நிறுவனம். அந்தப் பதிவுகளும் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்தவை. இருந்தாலும் பல சுதந்திர நிலையங்கள் இன்று செய்வதற்கு அச்சு அங்கேதான் வார்க்கப்பட்டது என்று நினைக்கிறேன். பெயர் தெரியாத குழு, குறைந்த நேரம், திருத்தி மினுக்க வழியில்லை. 1988-ல் ஊசி நேரக் கட்டுப்பாடு ஒழிந்தது. அதன் பிறகும் பீல் குழுக்களை அழைத்துக்கொண்டே இருந்தார். கட்டாயத்தில் பிறந்த பழக்கம் அப்போது விருப்பமாகிவிட்டது.

சரி, அந்த அறைக்குள் போவோம். வானொலி நிலையத்தின் ஸ்டுடியோ பெரும்பாலும் பேசுவதற்குக் கட்டப்பட்டது. இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசும் அறையில் டிரம்ஸ் வந்து இறங்கினால் என்ன ஆகும்? டிரம்ஸின் சத்தம் அறையில் உள்ள எல்லா மைக்குக்குள்ளும் நுழையும். பாடகரின் மைக்கில் பாட்டைவிட டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பல் சத்தமாகக் கேட்கும். பாட்டைக் கொஞ்சம் கூட்டலாம் என்று பொறியாளர் அந்த மைக்கை ஏற்றினால் சிம்பலும் கூடவே ஏறும். இதற்கு மருந்து பெரும்பாலும் கருவியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பாடகர்கள் பயன்படுத்தும் சாதாரண மைக் முன்னால் வருவதை நன்றாக வாங்கும், முதுகுப் பக்கம் வருவதை அவ்வளவாக வாங்காது. அந்த முதுகு டிரம்ஸைப் பார்க்கும்படி பாடகரைத் திருப்பி நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். கிடார் ஒலியைப் பெருக்கும் ஆம்பைப் பக்கத்து அறையிலோ நடைவழியிலோ வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பாஸ் கிடாரை ஆம்பே இல்லாமல் எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸருக்குள் நேராகச் செருகிவிடலாம். இத்தனையும் செய்துவிட்டு எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது ஹெட்ஃபோன் இல்லாமல் அந்த அறையில் நிற்பவர் கேட்பது விநோதமான ஒன்று. டிரம்ஸின் அடி கேட்கும், பாடகரின் பூச்சில்லாத வெறும் குரல் கேட்கும், கிடார் கம்பி டிக் டிக்கென்று தட்டுப்படும். பாட்டு என்ற முழு உருவம் கம்பிகளுக்குள் மட்டும்தான் இருக்கும்.

நேரலைக்கு முன் ஒலியளவைச் சரிபார்க்கும் சவுண்ட் செக்கில் எல்லோரும் அடக்கி வாசிப்பார்கள், அடக்கிப் பாடுவார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் ரத்தம் சூடாகி இரண்டு பங்கு பலத்தோடு அடிப்பார்கள். அனுபவமுள்ள பொறியாளர் இதற்காக முன்பே ஒலியளவில் இடம் விட்டு வைப்பார், சவுண்ட் செக்கில் இருப்பதிலேயே சத்தமான பாட்டைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வார்.

இதற்கு மேல் எஃப்எம்முக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. எஃப்எம் ஒலிபரப்பில் இரைச்சல் மேல்ஸ்தாயி அலைகளில்தான் அதிகம். அதை அமுக்க, அனுப்பும்போதே மேல்ஸ்தாயியைத் தூக்கி அனுப்புவார்கள், வீட்டு ரேடியோ அதே அளவுக்குத் தாழ்த்திவிடும், இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் சிம்பல் கனமாக அடிக்கும்போது, ஏற்கெனவே தூக்கிய மேல்ஸ்தாயி இன்னும் எகிறி, ஒலிபரப்புக்கு அனுமதித்த எல்லையை முட்டும். எல்லையைத் தாண்ட விடாமல் காவல் நிற்கும் கருவி உடனே அழுத்திப் பிடிக்கும். அந்தப் பிடியில் சிம்பல் நசுங்கும், சமயத்தில் பாட்டும் சேர்ந்து அமுங்கி எழும். ஸ்டுடியோவில் அருமையாகக் கேட்டது ரேடியோவில் ஏன் உப்புத்தாள் தேய்த்தது போல் இருக்கிறது என்று குழுவினர் வருத்தப்படுவதற்குக் காரணம் பல சமயம் இதுதான். அதனால் நல்ல பொறியாளர் மிக்ஸரிலிருந்து வருவதை மட்டும் கேட்க மாட்டார், காற்றில் போய்த் திரும்பி ஒரு சாதாரண ரேடியோவில் வருவதையும் அவ்வப்போது கேட்பார். டிரம்ஸ்காரரிடம் கனமான குச்சிக்குப் பதில் பிரஷ் வைத்து வாசிக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்பார். அப்படி வாசித்த சில பாட்டுகள் ஆல்பத்தில் இருப்பதைவிட நன்றாக அமைந்துவிடுவதும் உண்டு.

அப்புறம் பேட்டி. இங்கேதான் நிலையங்கள் அதிகம் தடுமாறுகின்றன. பாடி முடித்தவரிடம் அந்த விநாடியே கேள்வி கேட்டால் பதிலில் மூச்சுதான் இருக்கும், யோசனை இருக்காது. கடைசிச் சுரம் அடங்கும் வரை வாயைத் திறக்காத தொகுப்பாளர்கள் குறைவு. காற்றில் மௌனம் போனால் ரேடியோக்காரர்களுக்குப் பயம், நேயர் திருப்பிவிடுவார் என்று. ஆனால் பாட்டுக்குப் பின் வரும் இரண்டு விநாடி மௌனம் செத்த மௌனம் அல்ல, பாட்டின் வால். அதை வெட்டாமல் விட்டு, நிலையத்தின் பெயரையும் விருந்தினர் பெயரையும் நிதானமாகச் சொல்லி, அந்த இடைவெளியில் பாடகர் ஒரு வாய் தண்ணீர் குடித்து, கிடார்க்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதி மாற்றிக்கொண்ட பிறகு கேட்கும் கேள்விக்குத்தான் உயிர் இருக்கும். இரண்டு மூன்று பாட்டு, பேச்சு, மறுபடி பாட்டு என்ற வரிசையைப் பல நிலையங்கள் வைத்திருப்பது இதனால்தான். நடுவில் பேசியது அடுத்த பாட்டின் மேல் நிழல் போல விழும். அம்மாவைப் பற்றி இப்போதுதான் ஒருவர் பேசினார் என்றால், அடுத்து அவர் பாடும் வரி நேற்று கேட்டது போல் இருக்காது.

குழுவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பதை மட்டும் விட்டுவிடலாம். சுற்றுப்பயணத்தில் இருப்பவர் அந்த வாரத்தில் மட்டும் அதற்குப் பலமுறை பதில் சொல்லியிருப்பார். கேட்டதும் தூங்கிக்கொண்டே பதில் சொல்வார். இப்போது வாசித்த பாட்டில் நேயரும் கேட்ட ஒன்றைப் பிடித்துக் கேட்பதே மேல். இரண்டாவது சரணத்துக்கு முன் ஏன் நிறுத்தினீர்கள்? ஆல்பத்தில் அது இல்லையே? இப்படிக் கேட்டால் விருந்தினர் நிமிர்ந்து உட்கார்வார். இந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பேட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 1962-ன் தொடக்கத்தில் நியூ யார்க்கின் டபிள்யூபிஏஐ நிலையத்துக்காகச் சிந்தியா குடிங், பாப் டிலனோடு செலவிட்ட ஒரு மணி நேரம். கேபிஎஃப்ஏவை நடத்திய அதே பசிஃபிகா அமைப்பின் நிலையம்தான் அதுவும். டிலனுக்கு அப்போது 20 வயது, முதல் ஆல்பம் அந்த மார்ச்சில்தான் வெளிவந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார். திருவிழாக் குழு ஒன்றோடு ஆறு வருடம் விட்டுவிட்டு ஊர் ஊராகத் திரிந்தேன் என்கிறார். சுத்தக் கற்பனை, அந்த வருடங்களில் அவர் மினசோட்டாவில் வளர்ந்துகொண்டிருந்தார். குடிங்கும் நாட்டுப்புறப் பாடகர்தான், டிலனை முன்பே தெரிந்தவர். அவர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அன்போடு, ஆர்வத்தோடு, கொஞ்சம் சிரிப்போடு பேச விடுகிறார். உண்மைத் தகவலைத் தேடிப் போகிறவருக்கு அந்தப் பேட்டியால் பயன் இல்லை. ஆனால் ஓர் இளைஞன் தான் ஆக விரும்பும் ஆளை நம் காது கேட்கத் தைத்துக்கொண்டிருக்கிறான், நடுநடுவே அந்த ஆளாகவே மாறிப் பாடுகிறான். ஒரு மணி நேரம் கொடுத்ததால் கிடைத்தது இது. மூன்று நிமிடத்தில் பிறந்த ஊரும் ஆல்பத்தின் பெயரும்தான் கிடைத்திருக்கும்.

நேரலைக்குச் சட்டத்தின் கண்காணிப்பும் உண்டு. 1973-ல் இதே டபிள்யூபிஏஐ, ஜார்ஜ் கார்லினின் கெட்ட வார்த்தைகள் நிறைந்த நகைச்சுவைப் பேச்சைப் பட்டப்பகலில் ஒலிபரப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பானது. அங்கே இன்று காலை 6 முதல் இரவு 10 வரை ஆபாசப் பேச்சு காற்றில் போகக் கூடாது. அதனால் பகலில் வரும் குழுக்களிடம் எந்தச் சொல்லை மாற்றிப் பாட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். பல நிலையங்கள் ஒலியைச் சில விநாடி பிடித்து வைத்துத் தாமதமாக அனுப்பும், ஏதாவது தவறினால் ஒரு பொத்தானை அழுத்தி அந்தத் துண்டை விழுங்கிவிடலாம். இதில் ஒரு சிக்கல், தாமதமாகப் போகும் ஒலியைத் தவறிப்போய்ப் பாடகரின் ஹெட்ஃபோனுக்குக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். தன் குரலையே தாமதமாகக் கேட்கும் மனிதரால் தொடர்ந்து பேசுவதே கடினம், நாக்கு குழறும். தாளம் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஸ்டுடியோவுக்குள் இருப்பவர்களுக்குத் தாமதமில்லாத ஒலி, வெளி உலகத்துக்குத் தாமதமான ஒலி என்று இரண்டு பாதையையும் பிரித்து வைப்பது பொறியாளரின் வேலை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேயர் சந்தாவில் ஓடும் சின்ன நிலையத்தால் பெரிய சம்பளம் தர முடியாது. பல குழுக்கள் அன்று இரவுக் கச்சேரிக்கு ஆள் சேர்க்கத்தான் வருகின்றன, வண்டியிலிருந்து கருவிகளை இரண்டு முறை இறக்கி ஏற்றுகின்றன. அமெரிக்காவில் எஃப்எம்மில் ஒரு தட்டைப் போட்டால் பாட்டை எழுதியவருக்கு உரிமைத்தொகை போகும், பாடியவருக்குப் போகாது. இணையத்தில் ஒலிபரப்பினால் பாடியவருக்கும் பங்கு உண்டு. நேரலைப் பதிவை நிலையம் சேமித்து வைத்து, காணொளியாக வெளியிட வேண்டும் என்றால் குழுவின் சம்மதம் வேண்டும். அடுத்தவர் எழுதிய பாட்டாக இருந்தால் அந்த உரிமையாளரிடமும் கேட்க வேண்டும். நேரலையில் கேட்ட ஒரு பாட்டு மட்டும் பிறகு காணொளியில் காணாமல் போனால், காரணம் இதுவாக இருக்கலாம்.

காணொளி இந்த உலகத்தை நிஜமாகவே மாற்றிவிட்டது. சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி 1972-ல் பத்து வாட் சக்தியில் மாணவர்கள் தொடங்கிய நிலையம், அப்போது அதன் பெயர் கேசிஎம்யூ. 2001-ல் பெயர் மாறியது. 2016-ல் திறந்த புதிய இடத்தில், இசைக்குழு வாசிக்கும் அறையை வெளியிலிருந்தே ஆட்கள் பார்க்கும்படி கட்டினார்கள். 2010-ல் அவர்கள் ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் ஒரு வீட்டுக் கூடத்தில் எடுத்த ஆஃப் மான்ஸ்டர்ஸ் அண்ட் மென் குழுவின் பதிவு, அப்போது வெளியே யாருக்கும் தெரியாத அந்தக் குழுவைக் கடல் கடந்து கொண்டுபோனது. ஒரு சின்ன நகரத்தின் குழுவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. பத்து வருடம் இணையத்தில் நிற்கப் போகிறது என்று தெரிந்தால் குழுக்கள் பத்திரமாக வாசிக்கின்றன. கேமராவுக்காக விளக்கு, விளக்குக்காக உடை, தவறினால் இன்னொரு முறை. காற்றில் போய் மறைந்துவிடும் என்பதால் ஒருவர் துணிந்து எடுத்த சுரம் இருக்கிறதே, அது இப்படி வாசிக்கும்போது வராது. அதனால்தான் காணொளி எடுக்கும் நிலையங்களும் முதலில் நேரலையில் போகட்டும், படம் பிறகு என்ற வரிசையை விடக் கூடாது என்று நான் விரும்புகிறேன்.

தொலைபேசியில் பாடிய ஜான்ஸ்டனோடு அன்று வாசித்த யோ லா டெங்கோ பிறகும் டபிள்யூஎஃப்எம்யூவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து, நிலையத்தின் நிதி திரட்டும் நாட்களில் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். நேயர் பணம் தருவதாக உறுதி சொல்லி ஒரு பாட்டின் பெயரைக் கேட்கலாம், யாருடைய பாட்டாகவும் இருக்கலாம். ஒத்திகை கிடையாது. ஞாபகத்தில் இருக்கும் அளவுக்கு, தெரிந்த அளவுக்கு அங்கேயே வாசிப்பார்கள். வரிகள் மறந்துபோகும், ஸ்தாயி தப்பும், ஒருவர் இன்னொருவர் கையைப் பார்த்து அடுத்த சுரக்கூட்டைப் பிடிப்பார். 2006-ல் அவற்றிலிருந்து தொகுத்து ஓர் ஆல்பமே போட்டார்கள். பாட்டு பாதியில் எங்கே போகிறது என்று மூவருக்கும் தெரியாத இடங்களையும் அதில் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.